பன்னிரண்டாம் ஓலையில் சேந்தன் பெயர்

ஏழு உப்பங்கழியும் மீனும் முத்தும் குறைவறத் தர, ஆழிமுற்றத்து அரியணையில் வீற்றிருந்து நெடுங்கழி நாடு முழுதும் ஆளும் பேரரசர் திருவுள்ளப்படி, அவர்தம் திருவோலை நாயகர் இளம்பூதி வேள், கீழ்கரை நாடாள்வாரும் வெள்ளிக்கோல் உடையாரும் மூன்று அறுவடைத் திருநாளிலும் முதற் பரிவட்டம் பெற்றவருமாகிய பெருஞ்சாத்தனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் மழை பருவம் தவறாதிருக்க; ஏரிக்கரைகள் உடையாதிருக்க; பிள்ளை பெற்றோர் நலம்பெற்று எழுக; தங்கள் ஆறு இனியேனும் அளவறிந்து பெருகுக.

இவ்வோலையைத் தாங்கள் தனித்திருந்து படிக்க வேண்டா. அவையோரைக் கூட்டி, சிறைக்காவல் தலைவர் கடம்பணனாரையும் முன்னே நிறுத்தி, உரத்த குரலில் வாசிப்பித்துக் கேட்க. இதில் மறைக்கத்தக்க செய்தி ஒன்றும் இல்லை. தங்கள் நாட்டில் அனைவரும் அறிந்ததும், ஆழிமுற்றத்தில் ஒருவரும் அறியாதிருந்ததும் ஆகிய ஒன்றே இதில் எழுதப்படுகிறது.

தங்கள் ஈச்சங்கோட்டைச் சிறையில் இருபத்தாறு ஆண்டு ஓலை எழுதிய கொற்றந்தை என்பார், சென்ற வளர்பிறை ஏழாம் நாள் முற்பகலில் திருவோலை மண்டபத்து வாயிலில் வந்து நின்றார். நான்கு நாள் நடந்து வந்தவர், கால் வீங்கியிருந்தது. ஆசனம் தந்தும் அமரவில்லை. மோர் கொடுத்தும் வாங்கவில்லை. தாம் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை நிற்கவே விரும்புவதாகச் சொன்னார். அவர் சொன்னதை இளம்பூதி வேள் முதலில் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் இருந்தது. அதற்கு ஐந்து நாள் முன்னர்தான், அதே கொற்றந்தையின் கையெழுத்தில் அஞ்சற்குதிரை கொண்டுவந்த அமாவாசை ஓலையை அவர் பேரவையில் வாசித்திருந்தார். “ஈச்சங்கோட்டைச் சிறையில் இன்று ஒருவரும் இல்லை” என்பதே அவ்வோலையின் வாசகம். அதைக் கேட்ட பேரரசர் இருக்கையை விட்டு எழுந்தார். நகரெங்கும் விளக்கேற்றவும் முரசறையவும் ஆணை பிறந்தது. மக்கள் திருந்தியதால் சிறை ஒழிந்த செய்தியைக் கல்லில் வெட்டவும் ஆணை பிறந்தது. இளம்பூதி வேள் அவையென்றும் பாராமல் அழுதார். அன்று விட்ட கண்ணீரை நினைத்தால் இப்போது அவருக்கு உடம்பு கூசுகிறது.

சிறைமுறைச் சட்டம் எவ்வாறு பிறந்தது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். எனினும் அவையோர் பொருட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், எந்தச் சிறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு விடை சொன்னார்கள். செத்துப் போனவர்களையும் அரிசிக்காக உயிரோடு வைத்திருந்தார்கள் காவல் தலைவர்கள். தண்டனை முடிந்தவர்கள் கேட்பாரற்று உள்ளேயே நரைத்தார்கள். இதைக் கண்டு நெஞ்சு பொறுக்காமல் இளம்பூதி வேள் தம் கையால் எழுதிய சட்டம் அது. அமாவாசைதோறும் நண்பகலில், மதிலுக்குள் தம் கண்ணால் கண்டவரை மட்டும் ஓலைக்கணக்கர் பெயர்பெயராக எழுதுக. காணாத ஒருவரை எழுதினால் கை வெட்டிக் குறைக்கப்படும் என்று விதித்தார். அந்தப் பெயரோலை சிறையிலேயே இருக்கும். தலைநகருக்குத் தொகை மட்டும் வரும். சிறைப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில் கற்பிக்க ஆசான்களை அமர்த்தினார். தொழில் தேர்ந்து, தொடர்ந்து பன்னிரண்டு அமாவாசை ஓலையில் பெயர் உள்ளவனுக்கு எஞ்சிய தண்டனை நீங்கும். அவன் கருவிகளோடு ஊர் திரும்பலாம் என்றும் எழுதினார்.

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மனிதர் திருந்தினால் சிறை வெறுமையாகும் என்பது உண்மைதானே; எனவே வெறுமையாகும் சிறைக்குப் பெருமை செய்தால் நாடாள்வார்கள் மனிதரைத் திருத்த முந்துவார்கள் என்று எண்ணினார். எந்த நாட்டுச் சிறையில் தொகை மிகக் குறைகிறதோ, அந்த நாடாள்வார் அறுவடைத் திருநாளில் வரிசையின் முதலில் நின்று பரிவட்டம் பெறுவார் என்ற வரியை அவரே சேர்த்தார். அந்த வரியை எழுதிய மாலையில் தம்மைத் தாமே மெச்சிக்கொண்டதும் அவருக்கு நினைவிருக்கிறது. அறிவாளி என்று பெயரெடுத்தவர் செய்யும் முட்டாள்தனம் மற்றவர் செய்வதைவிடப் பெரிதாகவே இருக்கும்.

இனி, கொற்றந்தை சொன்னது.

குறும்பையாற்றின் நடுவே ஆண்டுதோறும் இடம்பெயரும் மணல்திட்டுகள் கீழ்கரைக்கும் மேல்கரைக்கும் உரியவை அல்ல என்பது முன்னோர் வழக்கம். இரு கரை வண்ணாரும் அங்கே துணி உலர்த்துவார்கள்; இரு கரை மாடும் அங்கே படுக்கும்; எந்தக் கரை அதிகாரியும் அங்கே கோல் ஊன்றமாட்டார். எல்லைச் சண்டையில் ஊர்கள் அழியாதிருக்கப் பெரியவர்கள் செய்த நல்ல ஏற்பாடு அது. இந்த நல்ல ஏற்பாட்டைத்தான் கடம்பணனார் கண்டுபிடித்தார். சட்டம் வந்த ஆறாம் திங்கள், அமாவாசை விடிந்ததும், சிறைப்பட்டோரை இருவர் இருவராகக் காலில் விலங்கு பூட்டி, முழங்கால் அளவு நீரில் நடத்தி, மணல்திட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தார். நண்பகல் கழிந்து ஓலை எழுதப்பட்டபின் திரும்ப அழைத்து வந்தார். மேல்கரைச் சிறையும் பின்னர் இதையே செய்தது. அவர்களுக்கு வேறு ஓலை போகிறது. திங்கள்தோறும் ஒரு முற்பகல், இரு நாட்டுக் கைதிகளும் எந்த நாட்டிலும் இல்லாமல் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். இரு காவல் தலைவர்களும் ஒரே குடையின்கீழ் வெற்றிலை மென்றார்கள் என்றும், ஒருவர் வீட்டுத் திருமணப் பேச்சு மற்றவர் வீட்டுக்கு அங்கேதான் நிகழ்ந்தது என்றும் கொற்றந்தை சொன்னார்.

கொற்றந்தை பொய் எழுதாதவர். எழுதும்முன் ஒவ்வொரு கொட்டடி வாசலிலும் நின்று உள்ளே பார்ப்பார். மூலையில் இருப்பது ஆளா துணிக்குவியலா என்று ஐயம் வந்தால் உள்ளே போய்த் தொட்டுப் பார்ப்பார். அந்த முதல் அமாவாசையன்று அவர் பார்த்த கொட்டடி எல்லாம் காலியாக இருந்தது. நோயாளிக் கொட்டடியில் மட்டும் ஒன்பது பேர் கிடந்தார்கள். மற்றவர்கள் எங்கே என்று கேட்டார். குளிக்கப் போயிருக்கிறார்கள், நண்பகல் நண்பகல்தான், கண்டதை எழுதுக என்று கடம்பணனார் விடையிறுத்தார். கொற்றந்தை கண்டதை எழுதினார். ஒன்பது என்று எழுதினார். முந்தின திங்கள் நூற்றுப்பன்னிரண்டு என்று எழுதிய அதே கை.

தங்களுக்கு அவர் இருமுறை விண்ணப்பம் அனுப்பியதையும் இங்கே குறிக்க வேண்டும். ஓலைக்கணக்கருக்குக் கண் போதும், வாய் வேண்டியதில்லை என்று தாங்கள் எழுதியனுப்பிய மறுமொழியை அவர் மடியிலேயே வைத்திருந்தார். அது இப்போது திருவோலை மண்டபத்தில் இருக்கிறது. அதன்பின் அவர் கேட்கவில்லை. பெண்டாட்டி பிள்ளை உள்ளவர். கையை இழந்த எழுத்தரை எவரும் வேலைக்கு வைக்கமாட்டார். அவரைக் குற்றம் சொல்ல இளம்பூதி வேளுக்கு வாய் வரவில்லை.

ஈச்சங்கோட்டையில் அடைபட்டவருள் சேந்தன் என்பவன் ஒருவன். மருதேரி என்னும் ஊரினன், முப்பது அகவை. பஞ்சத்தில் தன் முறை வருமுன்னே மதகைத் திறந்து தன் வயலுக்கும் அண்டை வயல்களுக்கும் நீர் விட்ட குற்றத்திற்கு மூன்றாண்டுத் தண்டனை பெற்றவன். செய்ததை அவன் மறுக்கவில்லை. சிறையில் கயிறு திரிக்கக் கற்றான். நார் அவன் கையில் பேசும் என்று ஆசான் வியந்தாராம். ஓராண்டுக்குள் படகுக்கயிறு வரை தேர்ந்தான் என்று ஆசான் சான்றும் எழுதிக் கொடுத்தார். நம் சட்டம் எண்ணியது எண்ணியவாறே நடந்தது இந்த ஒருவனிடத்தில்தான் என்று சொல்லலாம்.

சான்றோடு அவன் கொற்றந்தையிடம் வந்து, தன் விடுதலைக்கு இன்னும் எத்தனை ஓலை வேண்டும் என்று கேட்டான். கொற்றந்தை ஓலைக்கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, பன்னிரண்டும் வேண்டும் என்றார். ஓராண்டாக இங்கேதானே இருக்கிறேன் என்றான் சேந்தன். இருந்தாய், ஆனால் அமாவாசைதோறும் நீ மணலில் இருந்தாய், ஓர் ஓலையிலும் உன் பெயர் இல்லை என்று கொற்றந்தை விளக்கினார். சிறையில் இல்லாதவனைச் சிறையிலிருந்து விடுவிக்க வழியில்லை. இதைக் கேட்டு அவன் கோபப்படவில்லை என்பதே கொற்றந்தைக்கு நெஞ்சில் தைத்தது. பெயரை மட்டும் எழுதிவிடுமாறு அவன் கெஞ்சினான். காணாத ஒருவரை எழுத முடியாதென்று கொற்றந்தை மறுத்தார். மறுத்துவிட்டு, போகிறவனைப் பார்த்து, நோயாளிக் கொட்டடியும் மதிலுக்குள்தான் இருக்கிறது என்று ஒரு சொல் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகத் தம்மைத் தண்டிக்க வேண்டும் என்பதுதான் அவர் நான்கு நாள் நடந்து வந்ததன் காரணம்.

அடுத்த அமாவாசைக்கு முந்தின மாலை சேந்தனுக்குக் காய்ச்சல் வந்தது. அக்குளில் வெங்காயத்தை இடுக்கிக்கொண்டு உடம்பைச் சுட வைக்கும் வித்தையைக் பாடத்துக்கு அஞ்சும் பள்ளிச் சிறுவர் கூட அறிவார்கள். மருத்துவர் முதுகைத் தொட்டுப் பார்த்துக் கொட்டடியில் படுக்க வைத்தார். நண்பகலில் கொற்றந்தை வந்து அவனைக் கண்டார், கண்டதால் எழுதினார். முதல் ஓலை. மூன்று திங்கள் வெங்காயம் உதவியது. நான்காம் திங்கள் மருத்துவர் மோப்பம் பிடித்துவிட்டார். அதன்பின் அவன் மெய்யாகவே நோயை வரவழைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வேலிப்புறத்தில் கிடைத்த ஏதோ வேரை மென்று வாந்தியும் கழிச்சலும் வருவித்துக்கொண்டான். அமாவாசைக்கு இரு நாள் முன்னே தொடங்கி, பின்னே ஐந்து நாள் எழமுடியாமல் கிடப்பான். எழுந்ததும் கயிறு திரிக்கப் போவான். எட்டாம் திங்களில் கன்னம் ஒட்டியது. ஒன்பதில் முறுக்கும்போது கை நடுங்கி, இழை தளர்ந்து, ஆசான் அதை அவிழ்த்துத் தாமே திரித்து வைத்தார். திருத்துவதற்கென்று நாம் வகுத்த சட்டத்தில் தேர, திருந்திய ஒருவன் திங்கள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தான். கொற்றந்தை அமாவாசைதோறும் அவன் கட்டிலருகே நின்று பெயரை எழுதினார்.

பதினொரு ஓலை நிறைந்தன. அவன் மனைவி எயினிக்குச் செய்தி போயிற்று. பன்னிரண்டாம் அமாவாசைக்கு மறுநாள் காலை, வழக்கப்படி வாயிற்காவலன் விடுதலை பெறுவோன் பெயரை மூன்றுமுறை அழைக்கும்போது வாயிலில் நிற்பதற்காக, அவள் புதுத்துணி ஒன்றை நெய்வித்து எடுத்துக்கொண்டு ஒரு நாள் முன்னரே வந்து சேர்ந்தாள்.

ஆனால் சேந்தன் செய்ததைப் பிறரும் கண்டுகொண்டார்கள். வேலிப்புறத்து வேர் கொட்டடி தோறும் கைமாறியது. பன்னிரண்டாம் அமாவாசைக்கு முந்தின நாள் பத்தொன்பது பேர் நோயென்று விழுந்து கிடந்தார்கள். அறுவடைத் திருநாளுக்கு இருபது நாளே இருந்தது. மேல்கரைத் தொகை ஐந்து என்று கடம்பணனார் கேள்விப்பட்டிருந்தார். பத்தொன்பதோடு ஓலை போனால் பரிவட்டம் போய்விடும். ஆகவே, விடிந்ததும் நோயாளிகளையும் கட்டிலோடு தூக்கி மணல்திட்டுக்குக் கொண்டுபோகுமாறு அவர் கட்டளையிட்டார். அது தங்கள் சொல்லா, அவர் சொல்லா என்று இளம்பூதி வேள் விசாரிக்கப் போவதில்லை. விசாரித்தால் தாங்கள் அவரையும் அவர் தங்களையும் காட்டுவீர்கள். அதைக் கேட்டிருக்க இங்கே ஒருவருக்கும் வலுவில்லை.

வாயிலில் கட்டிலை இறக்கி ஆள்மாற்றும்போது சேந்தன் கடம்பணனாரை வேண்டினான். இந்த ஒரு முற்பகல் மட்டும் தன்னை உள்ளே விட்டுவைக்குமாறும், பதினெட்டுப் பேரைக் கொண்டுபோனால் தொகை ஒன்றுதானே ஆகும், மேல்கரையின் ஐந்தைவிட அது குறைவல்லவா என்றும் கணக்குச் சொல்லிக் கேட்டான். காதுக்கு எட்டும் இடத்தில் நின்று கொற்றந்தை இதைக் கேட்டார். எழுத்தாணி கையில் இருந்தது. ஓலை கையில் இருந்தது. அவனைக் கண்ணாலும் கண்டார். ஆனால் நண்பகல் ஆகவில்லை. அவர் எழுதவில்லை. கடம்பணனார் ஒன்றைவிடச் சுழியம் அழகு என்று சொல்லிக் கட்டிலை எடுக்கச் சொன்னார்.

வானத்தில் மேகமில்லை. மேற்கு மலையில் முந்தின நாள் பெய்த மழை, நண்பகலுக்கு இரு நாழிகை முன்னே குறும்பையாற்றில் வந்து சேர்ந்தது. காவலர்க்கு இரண்டு பரிசல் இருந்தன, அவர்கள் ஏறிக்கொண்டார்கள். இருவர் இருவராக விலங்கிடப்பட்டவர்களில் ஓடி மேல்கரைப் பள்ளத்தைக் கடந்தவர்கள் பிழைத்தார்கள். ஒருவன் தடுக்கி விழுந்தால் மற்றவனும் போனான். கட்டிலில் கிடந்தவருள் ஒருவரும் மிஞ்சவில்லை. பிழைத்தவர்கள் சொன்னது இது: நீர் கட்டில் காலைத் தொட்டபோது சேந்தன் எழுந்து உட்கார்ந்து, கட்டில்களின் கயிற்றை அவிழ்த்து ஒன்றாக முறுக்கத் தொடங்கினான். கரைக்கு எறியும் நீளம் வரவேண்டுமென்று அருகில் கிடந்தவர்களையும் அவிழ்க்கச் சொன்னான். முறுக்கி முடிக்க நேரம் போதவில்லை. ஈச்சங்கோட்டையாருள் மாண்டவர் முப்பத்தெட்டுப் பேர்.

நண்பகலுக்கு மணி அடித்தது. ஆற்றில் நடந்தது இன்னும் கோட்டைக்குத் தெரியாது. கொற்றந்தை கொட்டடி கொட்டடியாக நின்று பார்த்தார். நோயாளிக் கொட்டடியில் ஒரு துணிக்குவியலைத் தொட்டும் பார்த்தார். ஒருவரும் இல்லை என்று எழுதினார். இருபத்தாறு ஆண்டில் அவர் எழுதியவற்றுள் இதைவிடப் பிழையற்ற ஓலை வேறில்லை. அஞ்சற்குதிரை அதைக் கொண்டு தலைநகர் வந்தது. இங்கே நாங்கள் விளக்கேற்றினோம்.

ஆற்றின் கீழ்த்துறைகளில் ஒதுங்கிய உடல்கள் வழிப்போக்கருடையவை என்று தங்கள் எழுத்து வந்திருக்கிறது. காலில் இரும்பு பூட்டி, இருவர் இருவராக வழிப்பயணம் போகும் வழக்கம் கீழ்கரை நாட்டில் எப்போது தோன்றியது என்பதை மறுமொழியில் தெரிவிக்க. அமாவாசையன்று சிறையில் ஒருவரும் இல்லாமையால் சிறைப்பட்டோர் எவரும் இறக்கவில்லை என்றும், காணப்படாதவர்கள் அதற்கு முன்னரே தப்பியோடியவர்கள் என்றும் தாங்கள் ஊர்களுக்குப் பறையறைவித்ததும் இங்கே தெரியவந்தது. தப்பியோடியவன் வீட்டுக்கு ஏரிநீர் முறை இல்லை என்ற பழைய விதியைக் காட்டி, மருதேரியார் எயினியின் வயலுக்கு மடையை அடைத்துவிட்டார்கள். முறை தவறி நீர் விட்டதற்காகச் சிறைபோனவன் வீட்டில், முறைப்படி வரவேண்டிய நீரும் இப்போது இல்லை.

இவற்றையெல்லாம் இளம்பூதி வேள் பேரரசர் திருமுன் சொன்னார். கோமான், கல்லில் எழுத்து வெட்டியாயிற்று என்றும், மக்கள் விளக்கேற்றியாயிற்று என்றும், சிறை ஒழிந்தது என்று சொன்ன வாயால் சிறையில் மாண்டார்கள் என்று சொன்னால் இனி எந்தக் கல்லை மக்கள் நம்புவார்கள் என்றும் திருவாய் மலர்ந்தார். கொடுங்கோலர் அல்லர் நம் கோமான். ஆயினும் அந்தச் சொல்லைக் கேட்டு இளம்பூதி வேள் உள்ளம் ஒடிந்து போனார். கல்வெட்டின் வாசகத்தை யாத்துக் கொடுத்ததும் அவரே.

புதுச்சட்டம் ஒன்றை ஒன்பது விதியாக எழுதி அவையில் வைத்தார். மாண்டோரையும் நோயுற்றோரையும் தனித்தனியே எழுதுதல், விடுதலை பெற்றவன் ஓராண்டுக்குப்பின் எப்படி வாழ்கிறான் என்று ஊரில் போய்க் கேட்டு எழுதுதல், அமாவாசையென்று இல்லாமல் முன்னறிவியாத நாளில் எண்ணுதல், பரிவட்ட வரிசையை ஒழித்தல் ஆகியவை அவற்றுள் சில. நாடாள்வார்கள் சார்பில் வந்தவர்கள் ஏழு விதிகளைத் தள்ளினார்கள். பரிவட்டத்தை ஒழிக்கும் விதிக்குத்தான் முதல் எதிர்ப்பு. அதைத் தொடங்கியவர் தங்கள் தூதர். எஞ்சியவை இரண்டு. தொகையோடு பெயரோலையும் இனித் தலைநகருக்கு வரவேண்டும். குறும்பையாற்று மணல்திட்டுகள் இன்றுமுதல் கீழ்கரை நாட்டைச் சேர்ந்தவை. மணல் போனால் காடு இருக்கிறது. காடு போனால் தோணி இருக்கிறது. தாங்கள் இவ்விரண்டையும் அடுத்த திங்களே கடந்துவிடுவீர்கள் என்பதில் இளம்பூதி வேளுக்கு ஐயமில்லை. அறிந்தே இதை அனுப்புகிறார்.

கொற்றந்தை தமக்குத் தண்டனை கேட்டார் என்று மேலே சொல்லப்பட்டது. இளம்பூதி வேள் தாம் எழுதிய சட்டத்தைத் தலைமுதல் அடிவரை மூன்றுமுறை புரட்டினார். பொய் எழுதினால் தண்டனை உண்டு. மெய் எழுதியதற்கு ஒரு வரியும் இல்லை. கடம்பணனாரைத் தண்டிக்கவும் வரி இல்லை. கைதிகளை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகலாகாது என்று எவரும் எழுதவில்லை. தங்களைத் தண்டிக்கவும் இல்லை. இத்தனையும் செய்த சட்டத்தை எழுதியவரைத் தண்டிக்கவும் இல்லை. முப்பத்தெட்டுப் பேர் மாண்டதில் குற்றவாளி ஒருவருமில்லை என்பது எவ்வளவு நேர்த்தியான சட்டத்துக்கும் இழுக்கு.

எயினியும் கொற்றந்தையின் பின்னாலேயே நடந்து வந்திருந்தாள் என்பது மறுநாள்தான் தெரிந்தது. மண்டபத்துக்கு எதிர்த்தெருவில் துணிமூட்டையோடு நின்றவளை உள்ளே அழைத்தார்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்று இளம்பூதி வேள் கேட்டார். கடம்பணனார் தலையைக் கேட்பாள் என்று எண்ணினார். தம் தலையைக் கேட்டாலும் தகும் என்று எண்ணினார். அவள் அழவில்லை. ஈச்சங்கோட்டை வாயிலில் மூன்று நாள் நின்றதாகவும், அப்படி ஒருவன் இங்கே இல்லவே இல்லை என்று வாயிற்காவலன் மூன்று நாளும் சொன்னதாகவும் கூறினாள். பின்னர் அவள் சொன்னதை மாற்றாமல் இங்கே எழுதுகிறோம்.

“அவர் அங்கே இருந்தார்னு மட்டும் எழுதிக் குடுங்க சாமி. செத்தார்ங்கறதை ஊருக்கு நானே சொல்லிக்கறேன்.”

இதைத் திருமுன் சொன்னபோது கோமான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரே ஒரு பெயரை எழுத இசைவு தந்தார். மற்ற முப்பத்தேழு பேருக்கும் பதினொரு ஓலை இல்லை. ஆகவே சட்டப்படி கேட்க அவர்களுக்கு வாயில்லை. கொற்றந்தை அவர்கள் பெயரை ஓலையைப் பாராமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவை இவ்வோலையோடு கோத்துக் கட்டப்பட்டுள்ளன. தாங்கள் அவ்வேட்டை எரிப்பீர்கள். எரிக்கும்முன் ஒருமுறை படிக்க.

இனிக் கட்டளை. கொற்றந்தையார் ஈச்சங்கோட்டைக்குத் திரும்பி வருகிறார். அவருக்கு இடையூறு நேராதிருக்கத் தாங்கள் பொறுப்பு. அவர் சிறைவாயிலில் அமர்ந்து பன்னிரண்டாம் ஓலையைத் திருத்தி எழுதுவார். மருதேரிச் சேந்தன், கயிற்றுத்தொழில் தேர்ந்தவன், அமாவாசை நண்பகலில் மதிலுக்குள் இருந்தான், கண்ணால் கண்டேன் என்பது அதன் வாசகம். அது பொய். அவர் கைப்பட எழுதும் முதற் பொய். எழுதுவீரா என்று கேட்டபோது கொற்றந்தை நெடுநேரம் தம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் எழுதுவதாகவும், மறுநாள் கதவைத் திறப்பவர் தாமாக இருக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டார். அப்பொய்க்குரிய தண்டனை இதை எழுதுவித்த இளம்பூதி வேளைச் சேரும்; வேண்டின் தாங்கள் முறையிட்டு அவர் கையைக் கேட்கலாம்.

பன்னிரண்டும் நிறைந்தமையால் சேந்தன் விடுதலைக்கு உரியவன் ஆகிறான். அவன் கருவிகளாகிய நார் திரிக்கும் கதிரும் முறுக்குச் சக்கரமும் எயினியிடம் ஒப்புவிக்கப்படுக. அவன் தப்பியோடியவன் அல்லன் என்று மருதேரியில் பறையறைக. அன்றே மடை திறக்கப்படுக. இவ்வோலை கீழ்கரை, மேல்கரை இரண்டிலும் செல்லும். மறுப்போர் அரச ஆணை மறுத்தோர் ஆவர்.

யாண்டு பத்தொன்பது, வளர்பிறை பன்னிரண்டாம் நாள், ஆழிமுற்றத்துத் திருவோலை மண்டபத்தில் இருந்து, கழிமீன் பொறித்த அரக்கு முத்திரை இட்டு விடுத்தோம். இது கோமான் அறிந்தது; நாயகர் கையெழுத்து.

பன்னிரண்டாம் ஓலையைத் திருத்தி எழுதிய மறுநாள் காலை, எயினியும் ஊராரும் வெளியே நிற்க, வாயிற்காவலன் விடுதலை பெறுவோரை அழைக்கும் முறைப்படி சேந்தன் பெயரை மூன்றுமுறை உரக்க அழைக்க. கொற்றந்தை கதவை முழுவதும் திறப்பார். ஒருவர் நடந்து வெளியே வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கதவு திறந்தே இருக்கட்டும். எயினி திரும்பிப் போகும்வரை அதைச் சாத்த வேண்டா. இது கட்டளை.